ஒரே வழித்தடம், அதே நிறுத்தங்கள்: இதில் எதை எழுதுவது?

கேள்வி:

வணக்கம். எனக்கு வயது 46. பல வருடமாகப் பேருந்து ஓட்டுகிறேன். பள்ளியில் படிக்கும்போது கதை எழுதுவேன், இரண்டு கதைகள் அச்சிலும் வந்தன. தங்கமுனை விருதுப் போட்டிக்கு ஒரு சிறுகதை அனுப்ப வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஆனால் உட்கார்ந்தால் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. தினமும் அதே ரோடு, அதே நிறுத்தம், அதே முகங்கள். போன வாரம் நடந்த பெரிய சம்பவம் எது தெரியுமா? டெப்போவில் நிறுத்தியிருந்த பஸ்சின் முன்கண்ணாடி முழுக்க மஞ்சள் பூ கொட்டிக் கிடந்தது, துடைத்துவிட்டுக் கிளம்பினேன். அவ்வளவுதான் என் வாழ்க்கை! ஊக்கம் தரும் புத்தகங்கள் சில வாங்கினேன், பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது. ஓட்டும்போது எதையும் குறித்துவைக்கவும் வழியில்லை. எழுதுகிறவர்களுக்கு எங்கிருந்துதான் விஷயம் கிடைக்கிறது? நான் என்ன படிக்கலாம்? எழுத்தாளர் கூட்டங்களுக்குப் போனால் பயன் உண்டா? ஒரு நூலகராகச் சொல்லுங்கள்.

– தோ பாயோ வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பரே,

உங்கள் கடிதத்திலேயே நல்ல வரியை நீங்கள் கேலிக்காக எழுதியிருக்கிறீர்கள். அந்த மஞ்சள் பூவைத்தான் சொல்கிறேன்.

அது என்ன மரம் என்று நீங்கள் எழுதவில்லை. சிங்கப்பூரில் ஒரே இரவில் கார் கூரையையும் நடைபாதையையும் மஞ்சளாக்கிவிடுகிற மரம் என்றால் பெரும்பாலும் அங்சானாவாக இருக்கும். பெருங்கொன்றையும் மஞ்சளாகத்தான் கொட்டும், அதனால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் காய்ந்த காய் கிடக்கும். நடுவில் விதை புடைத்து, சுற்றிலும் மெல்லிய விளிம்போடு குட்டி அப்பளம் மாதிரி வட்டமாக இருந்தால் அங்சானா. நீளத் தட்டையாகச் செம்புநிறத்தில் இருந்தால் பெருங்கொன்றை.

அங்சானா என்றே வைத்துக்கொள்வோம். அந்த மரத்துக்கு ஒரு விநோதப் பழக்கம் உண்டு. வெயில் காய்ந்து ஒரு மழை பெய்ததும் மொட்டெல்லாம் சேர்ந்து ஒரே நாளில் விரியும். தெருவே மணக்கும். மறுநாள் காலையில் அத்தனையும் தரையில். நீங்கள் துடைத்துத் தள்ளியது முந்தைய நாள் ஒருநாள் மட்டும் பூத்திருந்த பூ. முந்தைய நாளும் நீங்கள் அந்த மரத்தைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள்.

சரி, நம் ஊரில் ஏன் இத்தனை அங்சானா? 1967இல் சிங்கப்பூரைப் பூந்தோட்ட நகரமாக்கும் இயக்கம் தொடங்கியபோது புது ரோடுகளுக்கு அவசரமாக நிழல் தேவைப்பட்டது. விதை போட்டுக் காத்திருக்க நேரமில்லை. அங்சானாவின் தடித்த கிளையை வெட்டி நட்டாலே வேர் பிடித்துவிடும் என்பதால் அதை வரிசை வரிசையாக நட்டார்கள். பின்னால் வாடல் நோய் வந்து நிறைய மரங்கள் பட்டுப்போன கதையும் உண்டு. உங்கள் பஸ்சின் மேல் கிளை நீட்டிக்கொண்டிருக்கும் மரம் அப்படி அவசரத்தில் நடப்பட்ட கிளையாகவே இருக்கலாம்.

இன்னும் கொஞ்சம் தோண்டினால் நம் வீட்டுக் கதையே வந்துவிடுகிறது. அங்சானாவைத் தாவரவியலார் டெரோகார்ப்பஸ் இண்டிகஸ் என்கிறார்கள். தமிழ்நாட்டு மலைகளில் வளரும் வேங்கை, டெரோகார்ப்பஸ் மார்சூப்பியம். இரண்டும் பங்காளிகள். அடிமரத்தைக் கீறினால் இரண்டிலும் இரத்தச் சிவப்பில் பால் வடியும். ஊரில் வேங்கைப் பாலைக் காய்ச்சிக் குழந்தைக்குப் பொட்டு வைப்பார்கள். (இங்கே கீறிப் பார்க்க வேண்டாம், அபராதம் கட்ட நேரிடும்.)

இந்த வேங்கைதான் குறுந்தொகையின் 47ஆம் பாட்டில் வருகிறது. மொத்தம் நான்கே அடி. கருத்த அடிமரத்து வேங்கையின் பூக்கள் ஒரு பாறைமேல் உதிர்ந்து கிடக்கின்றன. நிலா வெளிச்சத்தில் பார்த்தால் அந்தப் பாறை புலிக்குட்டி மாதிரி தெரிகிறது. அந்தக் காட்டு வழியே இரவில் ஒருவன் தன் காதலியைப் பார்க்க ரகசியமாக வருகிறான். தோழி நிலாவைப் பார்த்துச் சொல்கிறாள்: இப்படிக் களவாக வருகிறவர்களுக்கு நீ நல்லது செய்யவில்லை. அவளுக்கு வெளிச்சம்தான் தொந்தரவு.

நீங்களும் இருட்டில்தான் டெப்போவுக்குப் போகிறீர்கள். உதிர்ந்த வேங்கைப் பூவை ஏறக்குறைய அந்தக் கவிஞர் பார்த்த நிலையிலேயே பார்த்தீர்கள். அவருக்குப் புலிக்குட்டி தெரிந்தது, உங்களுக்கு வேலை தெரிந்தது. இதில் தப்பு ஒன்றுமில்லை. முதல் பஸ் நேரத்துக்குப் போக வேண்டும், துடைக்கத்தான் வேண்டும்.

இப்போது நூலகராக ஒன்று சொல்கிறேன். உங்கள் நிறுத்தங்களுக்கு ஐந்து இலக்க எண் இருப்பதுபோல எங்கள் புத்தகங்களுக்கும் எண் உண்டு, டூயி தசம முறை என்று பெயர். மரங்கள் 582.16. சிங்கப்பூர் வரலாறு 959.57. தமிழ் இலக்கியம் 894.811. நீங்கள் துடைத்த பூ இந்த மூன்று அலமாரிகளிலும் இருக்கிறது, மூன்றும் ஒன்றுக்கொன்று தூரமான அலமாரிகள். ‘இது என்ன பூ’ என்ற ஒரு கேள்வி உங்களை மூன்று இடத்துக்கும் நடத்திக்கொண்டு போகும். ஊக்கம், உத்வேகம் என்றெல்லாம் சொல்கிறார்களே, என் அனுபவத்தில் அது கிளம்புகிற இடம் இதுதான்: தெரியாத ஒன்றின் பின்னால் கொஞ்ச தூரம் போவது. மனதை உலுக்குகிற காட்சிக்காக நீங்கள் காத்திருக்கிறீர்கள். அது அபூர்வமாகத்தான் வரும். ‘இது எனக்குத் தெரியாதே’ என்று தோன்றுவது ஒரு டிரிப்பில் நாலு தடவையாவது நடக்கும்.

உதாரணத்துக்கு விடிகாலை ஷிஃப்டில் குயில் கூவுவதைக் கேட்டிருப்பீர்கள். அக்கம்பக்கத்தில் அதைத் திட்டாதவர்கள் குறைவு. நம் பாட்டுகளில் குயில் என்றால் ஒரு பெண் பாடுகிறாள் என்றே கற்பனை. உண்மையில் அந்தக் கூவல் ஆணுடையது, ஆண் கறுப்பு. பெண்குயில் பழுப்பில் புள்ளி புள்ளியாக இருக்கும், காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். தன் குஞ்சை வேறொருத்தி வளர்க்கட்டும் என்று விட்டுப்போகிற அந்தப் பழுப்புக் குயிலை நம் கவிஞர்கள் ஏன் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. குழந்தையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு இங்கே வந்து அடுத்தவர் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற பெண்கள் உங்கள் பஸ்சில் தினமும் ஏறுகிறார்கள். அதற்கு மேல் நான் சொல்லப்போவதில்லை, கதை எழுதப்போவது நீங்கள்.

தற்செயலாகக் கிடைப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் இதற்கு உ.வே. சாமிநாதையரைவிட நல்ல சாட்சி கிடையாது. 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் என்ற முன்சீப்பை, அதாவது நீதிபதியை, பார்க்கப் போகிறார். தான் படித்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் எல்லாவற்றையும் அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. இதையெல்லாம் படித்து என்ன பயன் என்கிற மாதிரி கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. பலர் இதை அதிர்ஷ்டம் என்று சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. ஏட்டைப் பிரித்தால் அவ்வளவு படித்த மனிதருக்குப் பாதி புரியவில்லை, ஏனென்றால் அது சமணக் காப்பியம். புரியவில்லை என்று மூடி வைக்காமல் கும்பகோணத்துச் சமணர்களின் வீடுகளைத் தேடிப்போய்க் கேட்டார். 1887இல் நூல் பதிப்பாகி வந்தது. (அதே 1887இல்தான் சிங்கப்பூரில் சிங்கை நேசன் என்ற தமிழ்ப் பத்திரிகை தொடங்கியது. அதன் இதழ்கள் நூலக வாரியத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் இருக்கின்றன. அக்கால விளம்பரங்களையும் கப்பல் செய்திகளையும் ஒரு மணி நேரம் புரட்டுங்கள், கதைக்கு ஆள் கிடைப்பார்.)

உங்களையும் யாராவது முதலியார் மாதிரி கேட்கலாம். இன்டர்சேஞ்சில் டீ குடிக்கும்போது சக ஓட்டுநர் கேட்கலாம், உங்கள் மகள் கேட்கலாம். பதில் தெரியவில்லை என்றால் சமாளிக்காதீர்கள். கேள்வியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, என்ன படிப்பது. ஊக்கம் தரும் புத்தகங்களில் தூக்கம் வருகிறது என்றீர்கள். எனக்கு ஆச்சரியமில்லை. அந்த வகையில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தை அத்தியாயத்துக்கு அத்தியாயம் வேறு பெயர் வைத்துச் சொல்பவை. ‘உன்னால் முடியும்’ என்று 200 பக்கம் படித்தாலும், எது முடியும் என்று தெரியாமலேதான் புத்தகத்தை மூடுவோம். பிடித்திருந்தால் படியுங்கள், கதை எழுத அவை உதவும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உங்களுக்கு நான் தருவது குறுந்தொகைதான். இலக்கியம் என்றதும் பயப்பட வேண்டாம். மொத்தம் நானூறு சொச்சம் பாட்டு, அநேகமாக எல்லாமே நான்கிலிருந்து எட்டு அடிக்குள். அடுத்த டிரிப்புக்கு முன்னால் கிடைக்கும் இடைவேளையில் ஒரு பாட்டு முடிந்துவிடும், உரையோடு சேர்த்து. உ.வே.சா.வின் 1937 பதிப்பு பழைய நடையில் இருக்கும். எளிய உரையோடு புதுப் பதிப்புகள் நிறைய இருக்கின்றன, முதலில் அதில் ஒன்றை எடுங்கள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, திறந்த பக்கத்தைப் படியுங்கள். ஒவ்வொரு பாட்டும் ஒரு கதையின் நடுப் பக்கம். யாரோ யாரிடமோ பேசுகிறார்கள், முன்னே நடந்ததும் பின்னே நடக்கப்போவதும் நம் யூகம். சிறுகதை எழுத வருகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

தோ பாயோவில் இருப்பதால் உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 1974இலிருந்து அங்கே இருக்கிற பொது நூலகம் இன்டர்சேஞ்சிலிருந்து நடக்கும் தூரம்தான். ஒரு சின்ன வேலை தருகிறேன். தேடிப்போன புத்தகத்தை எடுத்ததும், அதற்கு வலப்பக்கத்தில் இருக்கும் புத்தகத்தையும் எடுத்து இரண்டு பக்கம் புரட்டுங்கள். அலமாரியில் அது பக்கத்தில் இருப்பது சும்மா இல்லை. பொருளால் நெருங்கியவை அருகருகே வரும்படிதான் அந்த எண்களே அமைந்திருக்கின்றன. நூலகத்தில் தற்செயலாகக் கிடைத்தது என்று வாசகர்கள் சந்தோஷப்படும்போது நாங்கள் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வோம். (கதைப் புத்தகங்களில் இது பலிக்காது, அவை ஆசிரியர் பெயர்ப்படி இருக்கும்.) யாரோ படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த புத்தகங்கள் அடுக்கப்படாமல் தள்ளுவண்டியில் இருக்கும், அதையும் ஒரு பார்வை பாருங்கள். அங்கே எந்த ஒழுங்கும் கிடையாது, சமையல் குறிப்பும் கப்பல் வரலாறும் தோள் உரசிக்கொண்டு நிற்கும். கைப்பேசி இதைச் செய்யாது. நேற்று நீங்கள் பார்த்த மாதிரியே இன்னொன்றை இன்றைக்குக் காட்டும், நாளைக்கும் அதேதான்.

பிடிக்காத புத்தகத்தை முடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. திருப்பிப் போட்டுவிடுங்கள், நாங்கள் வருத்தப்பட மாட்டோம்.

குறித்துவைக்கும் பிரச்சினைக்கு வருகிறேன். ஸ்டியரிங் கையில் இருக்கும்போது பேனாவும் வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம், வாய்ப்பதிவுகூட வேண்டாம். கண் ரோட்டில் இருக்கட்டும். ஒரு டிரிப்புக்கு ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் பிடித்துவையுங்கள். இரண்டாவதாக இன்னொன்று கண்ணில் பட்டால் எது வேண்டும் என்று முடிவுசெய்து மற்றதை விட்டுவிடுங்கள். அப்படித் தேர்ந்தெடுப்பதிலேயே எழுத்தாளர் வேலை பாதி நடந்துவிடுகிறது. டிரிப் முடிந்து இறங்கியதும் சட்டைப்பை நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். ‘அழகாக இருந்தது’, ‘மனம் கனத்தது’ என்றெல்லாம் எழுதாதீர்கள். ஆறு மாதம் கழித்துப் படித்தால் எது அழகு, எதனால் கனத்தது என்று உங்களுக்கே தெரியாது. கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்: எந்த நிறுத்தம், எத்தனை மணி, கையில் என்ன பை, எந்தக் காலில் செருப்பு அறுந்திருந்தது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, அதில் உங்களுக்குத் தெரியாதது எது என்று இரண்டு சொல். அவ்வளவு போதும்.

பயணிகள் பேசுவது காதில் விழும், அதில் கதையும் இருக்கும். ஆனால் அவர்கள் உங்களை நம்பி ஏறியவர்கள். படம் எடுக்காதீர்கள். எழுதும்போது வயதை, வேலையை, வீடிருக்கும் இடத்தை மாற்றிவிடுங்கள், அவரே படித்தாலும் தன்னை அடையாளம் காணாத அளவுக்கு.

பூவைப் பற்றித் தெரிந்துகொண்டால் கதை ஆகிவிடுமா என்று கேட்பீர்கள். ஆகாது. தகவல் கட்டுரைக்குப் போதும். கதைக்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கும் அந்தப் பூவுக்கும் ஒரு கணக்கு இருக்க வேண்டும். அந்த மரத்தடியைத் தினமும் கூட்டுகிறவருக்கு அங்சானா பூத்த மறுநாள் என்னவாக இருக்கும்? நமக்கு வாசனை, அவருக்கு இரட்டிப்பு வேலை. அவர் கொல்லிமலைப் பக்கத்திலிருந்து வந்தவராக, வேங்கையைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவராக இருந்தால், இந்த மரத்தைப் பார்த்து என்ன நினைப்பார்? ஒருவேளை ஒன்றுமே நினைக்காமல் கூட்டிவிட்டுப் போவார், அதுவும் கதைதான். முடிந்தால் ஒரு நாள் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். ஷிஃப்டு வேலையில் தூக்கம் கெட்டுப்போனால் எந்தக் காட்சியும் மண்டையில் ஏறாது, அதற்குப் புத்தகம் மருந்தல்ல. ஓய்வு நாளில் முதலில் தூங்குங்கள். கதை என்று இல்லாமல் சாப்பாடு, சிநேகிதர்கள், பிள்ளைகள் என்று முன்பு பிடித்திருந்த எதிலும் இரண்டு வாரத்துக்கு மேல் பிடிப்பில்லாமல் இருந்தால் பாலிகிளினிக்கில் மருத்துவரிடம் சொல்லுங்கள், அல்லது 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். உங்கள் கடிதத்தில் இருக்கிற நக்கலைப் பார்த்தால் அந்த நிலைமை இல்லை என்றுதான் தோன்றுகிறது, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

தங்கமுனை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது. அந்தக் கெடு தேதியை வைத்துக்கொண்டு முதல் கதையை எழுதாதீர்கள். நடுவர் என்ன நினைப்பார் என்ற எண்ணம் பேனாவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடும். நோட்டில் ஐம்பது அறுபது வரிகள் சேரட்டும். அதில் எந்த ஆள் திரும்பத் திரும்ப வருகிறார் என்று பார்த்து, அவரிடமிருந்து தொடங்குங்கள்.

கூட்டங்களுக்குப் போகலாமா என்ற கேள்விக்கு, தாராளமாகப் போகலாம். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் மாதந்தோறும் கதைக்களம் நடத்துகிறது. புதிதாக எழுதுகிறவர்களின் கதைகளைப் படித்துப் பேசுவார்கள். உங்கள் ரோஸ்டரில் அந்த நாள் ஓய்வாக அமைந்தால் ஒருமுறை கதை எதுவும் கொண்டுபோகாமல் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். புகழ்கிறவர்களை விட்டுவிடுங்கள். ‘இந்த இடம் எனக்குப் புரியவில்லை’ என்று யார் சொல்கிறார் என்று கவனித்து, கூட்டம் முடிந்ததும் அவரோடு போய் ஒரு டீ குடியுங்கள். உங்கள் கதையை முதலில் படிக்கக் கொடுக்க வேண்டியது அவரிடம்தான்.